நீர்வழியில் ஒரு கூட்டு முயற்சி

தொழில்நுட்பமும் பன்னாட்டு ஒத்துழைப்பும் இணைந்தால் சுற்றுச்சூழலுக்கு ஊறின்றிப் போக்குவரத்தை வளர்க்கலாம் என்பதற்குக் கொச்சி நீர் மெட்ரோ சான்றாகும். 2023 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இதற்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கி கடனுதவி அளித்தது. படகுகளைக் கட்டியது பொதுத்துறையைச் சார்ந்த கொச்சி கப்பல் கட்டும் தளம். வெளிநாட்டுக் கடன் உள்நாட்டுத் தொழில்திறனை வளர்த்தது எனலாம்.

100 பயணிகளை ஏற்றும் இம்மின்கலப் படகுகளுக்குத் துறையில் நிற்கும்போதே 10 முதல் 15 நிமிடங்களில் மின்னேற்றம் செய்யலாம். இதனால் டீசல் செலவும் புகையும் குறைகின்றன.

10 தீவுகளை 38 படகுத்துறைகள் வாயிலாக நகருடன் இணைப்பதே திட்டத்தின் இலக்கு. எனினும், படகுகள் ஓடத் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னரே, 2025 அக்டோபரில், மட்டாஞ்சேரித் துறை திறக்கப்பட்டது. கடனும் கருவியும் வந்தால் மட்டும் போதாது; துறைகள் உரிய காலத்தில் அமைந்தால்தான் தீவு மக்களுக்குப் பயன் கிட்டும்.