துவிச்சக்கரவண்டியில் நெடும் பயணம்

2022ஆம் ஆண்டு இலங்கையில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, வீட்டு மூலைகளில் துருவேறிக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் பல மீண்டும் தெருவுக்கு வந்தன. நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைச் சந்தைக்குச் சென்று வருவது அவ்வண்டிகளுக்குப் பெருஞ் சோதனையன்று. வழியிற் பழுதுற்றாலும் தள்ளிக்கொண்டே வீடு சேரலாம். ஆனால், ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தெற்கேயுள்ள பொத்துவிலுக்குப் புறப்படுவோரின் நிலை வேறு. காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடரும்வரை கவலையில்லை. திருக்கோவிலைக் கடந்தபின்னரோ குடிமனைகள் அருகுகின்றன; யானைகள் நடமாடும் இடங்களும் உண்டு. பொழுது சாயும் வேளையில் அங்கே காற்றிறங்கிய சில்லோடு நிற்பது ஆபத்தானது. ஆகவே, நெடும் பயணம் வீட்டு முற்றத்திலேயே தொடங்குகிறது எனலாம்.

முற்றத்தில் முதலிற் கவனிக்க வேண்டியது பிறேக்கு. அதன் இறப்பர்க் கட்டை சில்லின் விளிம்பைப் பற்ற வேண்டுமேயன்றி டயரைத் தொடலாகாது. தேய்ந்த கட்டையை அன்றே மாற்றிவிட வேண்டும். அடுத்தது செயின். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதைத் துருப்பிடிக்கச் செய்கிறது, மணல் அரிக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, எஞ்சிய எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மிகுந்தால் மணல் அதில் ஒட்டி, அரம்போல் செயினைத் தேய்த்துவிடும். சில்லுகளின் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, கம்பிகளில் ஏதேனும் தளர்ந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆசனத்தின் உயரமும் முக்கியமானது. பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்ந்த ஆசனம் முழங்காலை நோகச் செய்யும்.

பஞ்சர் ஒட்டும் முறையைப் பழைய ரியூப் ஒன்றில் முன்னரே பழகிக்கொள்வது நன்று. ரியூபுக்குக் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால், குமிழி எழும் இடமே துளை. அவ்விடத்தை உலர்த்தி, அரத்தாளால் உரசி, பசை தடவிச் சில நிமிடங்கள் காயவிட்டபின் ஒட்டுத்துண்டை அழுத்த வேண்டும். ஈரப்பசையில் ஒட்டியது நிலைக்காது. ரியூபை மீண்டும் இடுமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்த்தல் இன்றியமையாதது. தைத்த முள் அங்கேயே இருந்தால், ஒட்டிய வேலை அரைக் கட்டையிலேயே வீணாகும். மேலதிக ரியூப் ஒன்று, காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் கருவி, நட்டுச்சாவி ஆகியன பையில் இருக்கட்டும். சுமையைத் தோளில் மாட்டாது, பின்புறக் கரியரில் தாழ்வாகக் கட்டுதல் வேண்டும்.

இனிப் பயணம். முதன்முதலாகச் செல்வோர் அக்கரைப்பற்றுவரை சென்று திரும்பிப் பார்ப்பது தக்கது. போகவர 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடும். அதில் உடலும் வண்டியும் தத்தம் குறைகளைக் காட்டிவிடும். பின்னர் பொத்துவிலுக்குச் செல்வோர், சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவியதும் புறப்படலாம். மணிக்கு 12 கிலோமீற்றர் வீதம் நிதானமாக மிதித்தால், இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து, பிற்பகலின் தொடக்கத்திற் சேரலாம். யானைகள் வெளிப்படும் மாலைக்கு முன்னரே காட்டோரப் பகுதி கடந்துவிடும்.

கரையோரப் பாதை சமதரையாயினும் காற்றே இங்கு மேடாகும். ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசி உடலின் நீரை வற்றச் செய்கிறது. அப்பொழுது வேகத்தை நாடாது மெல்ல மிதிப்பதும், தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துவதும் அறிவுடைமை. கார்த்திகை முதல் தை வரை மழையும் வெள்ளமும் பாதையை மறிக்கக்கூடும்.

வண்டி வீடு திரும்பியதும் செயினைத் துடைத்து வைப்பவருக்கே அடுத்த பயணம் எளிதாகும். தொலைவைக் கடப்பது காலின் வலிமை மட்டுமன்று. முற்றத்திற் செலவிட்ட அந்த அரைமணி நேரமுமாகும்.