நாவல் பழத் தோலிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும் கதை

நாவல் பழம் தின்றதும் நாக்கு கருநீலமாகிறதே, அதற்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமிகள். ஆன்டிஆக்சிடன்ட் என்று மருந்துக்கடைப் புட்டிகளில் அச்சாகும் பொருள்களில் இவையும் அடக்கம். இவை பெரும்பாலும் பழத்தின் தோலில்தான் இருக்கின்றன. சாறெடுத்தபின் தோலைக் குப்பையில் போடுவது, என்னைக் கேட்டால், பழத்தின் நல்ல பகுதியை இழப்பதுதான்.

ஆந்தோசயனின் நீரில் கரையும். ஆனாலும் வெறும் நீரில் ஊறவைத்தால் சிக்கல். நிறமி செல்லுக்குள் ஒரு பையில் அடைபட்டிருக்கிறது; பழத்தை நசுக்கியதும் பை உடைகிறது, கூடவே பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் விழித்துக்கொள்கிறது. நறுக்கிய ஆப்பிளைப் பழுப்பாக்கும் அதே நொதிதான். அது நிறமியைச் சிதைப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். ஆகவே நீரோடு பாதிக்கு மேல் எத்தனால் கலக்கிறார்கள். அது செல் சவ்வைக் குலைத்து நிறமியை வெளியே விடுகிறது, நொதியையும் அடக்குகிறது. ஆய்வகத்தில் மெத்தனாலும் பயன்படும்; அது நஞ்சு என்பதால் உணவுக்கு எத்தனால்தான் ஏற்றது.

கரைப்பானில் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேர்ப்பார்கள். பி.ஹெச். அளவு 3-க்குக் கீழே இருக்கும்வரை ஆந்தோசயனின் செந்நிறத்தோடு உறுதியாக இருக்கும். 4, 5 என்று ஏறும்போது நிறம் வெளிறும். காரம் மிகுந்தால் நீலமாகி, பிறகு மூலக்கூறின் வளையமே திறந்து மஞ்சளாகிவிடும். தோல் ஊறிய நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் நிறம் மாறுவதை வீட்டிலேயே பார்க்கலாம். உடனே எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு திரும்பும். ரொம்ப நேரம் விட்டுவிட்டால் முழுதாகத் திரும்பாது.

சூடு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. சூடேற்றினால் நிறமி விரைவாக இறங்கும், விரைவாகவே அழியவும் செய்யும். அதனால் எத்தனாலை ஆவியாக்கும்போது காற்றழுத்தத்தைக் குறைத்து 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்க வைக்கிறார்கள். மீயொலி அலைகளைச் செலுத்தினால் ஊறும் நேரம் குறையும். மிஞ்சும் பாகில் பெரும்பகுதி பழச் சர்க்கரை. அதை ரெசின் நிரப்பிய குழாய் வழியே விடும்போது நிறமி ரெசினில் ஒட்டிக்கொள்ள, சர்க்கரையை நீர் கழுவிக்கொண்டு போகிறது. பிறகு எத்தனால் ஊற்றி நிறமியை இறக்கி, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளைச் சேர்த்துப் பொடியாக்குகிறார்கள்.

எல்லாச் செடிக்கும் இந்த வழி பொருந்தாது. தேயிலைக்குச் சுடுநீரே போதும். தக்காளித் தோலின் லைகோபீன் எண்ணெயில் கரைவது. 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோன கார்பன் டை ஆக்சைடு அதை நன்றாக இழுக்கும். அதே வாயு தனியாக ஆந்தோசயனினை ஏறக்குறைய தொடுவதே இல்லை.

கிடைத்த சாற்றைச் சோதிக்க டி.பி.பி.ஹெச். என்ற ஊதாக் கரைசலில் சேர்ப்பார்கள். சாறு வீரியமானதாக இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். இந்த இடத்தில்தான் விளம்பரம் நம்மை ஏமாற்றுகிறது. சோதனைக் குழாயில் ஓர் எண் உயர்ந்தால் உடலிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆந்தோசயனின் குடலில் சிறிதளவே மாறாமல் உறிஞ்சப்படுகிறது. இத்தகைய அளவீடுகளில் ஒன்றான ஓராக் மதிப்புகளின் பட்டியலை, உடலில் ஏற்படும் விளைவோடு தொடர்பில்லை என்று சொல்லி அமெரிக்க வேளாண் துறை 2012-ல் விலக்கிக்கொண்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்த ஆய்வு 1994-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

ஆகவே பொடி வாங்குகிறவர்கள் "ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது" என்ற வரியைத் தாண்டி மூன்றைத் தேடுங்கள்: ஆந்தோசயனின் எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பானில் எடுத்தது, மால்டோடெக்ஸ்ட்ரின் எவ்வளவு. மூன்றையும் சொல்லாத புட்டிக்குச் செலவிடும் பணத்தில் பருவத்து நாவல் பழம் வாங்கித் தோலோடு தின்னலாம்.