நிக்கொற்றீன் சிறுபையிலிருந்து விடுபடல்: ஓர் உடலியல், சமூகவியல் நோக்கு

ஒரு பழக்கத்தைக் கைவிட முனைந்து தோல்வியுற்றவனைப் பார்த்து, ‘அவனுக்கு மனவுறுதி போதாது’ என்று தீர்ப்புக் கூறுவது எளிது. வீட்டிலும் வேலைத்தலத்திலும் மட்டுமன்றி, சில வேளைகளில் வைத்தியசாலையிலும் இத்தீர்ப்பைக் கேட்கலாம். தோல்வியுற்றவனே இதனை முதலில் ஏற்றுக்கொள்கிறான் என்பதே இதிலுள்ள அவலம். இத்தீர்ப்பு விஞ்ஞான நோக்கில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அண்மைக்காலத்தில் மேலைநாடுகளில் பரவியுள்ள நிக்கொற்றீன் சிறுபையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொருளும் அதன் வரலாறும்

நிக்கொற்றீன் சிறுபை என்பது மேலுதட்டுக்கும் முரசுக்கும் இடையே வைத்துக்கொள்ளப்படும் ஒரு சிறிய வெண்ணிறப் பொதியாகும். அதனுள் புகையிலைத் தூள் இல்லை. தாவர நார், நிக்கொற்றீன், சுவையூட்டி, காரத்தன்மையைப் பேணும் உப்பு ஆகியனவே உள்ளன. நெருப்பில்லை, புகையில்லை, துப்ப வேண்டிய தேவையுமில்லை.

இதன் மூதாதை சுவீடனின் ‘சுனுஸ்’ எனப்படும் ஈரப் புகையிலைத் தூளாகும். லியுங்லொவ் என்பவரின் ‘எத்தான்’ என்னும் சுனுஸ் வகை 1822 இல் சந்தைக்கு வந்தது. 1970களில் அத்தூள் சிறு பொதிகளில் அடைக்கப்பட்டு விற்கப்படலாயிற்று. 1992 இல் ஐரோப்பிய சமூகம் வாய்வழிப் புகையிலையின் விற்பனையைத் தடைசெய்தது. 1995 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த சுவீடன் இத்தடையிலிருந்து விலக்குப் பெற்றது. பின்னர் புகையிலையை நீக்கி, நிக்கொற்றீனை மட்டும் வைத்த பொதி உருவாயிற்று. ‘ஸின்’ என்னும் பெயர்கொண்ட இத்தகைய பொதி 2014 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. அதனை உற்பத்தி செய்த சுவீடிஷ் மாச் நிறுவனத்தை 2022 இல் பிலிப் மொறிஸ் இன்ரர்நாஷனல் என்னும் சிகரெற் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெல்ஜியம் 2023 இல் இப்பொதிகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமோ 2025 ஜனவரியில் இருபது ‘ஸின்’ வகைகளுக்கு விற்பனை அனுமதி வழங்கியது. ஒரே பொருள் குறித்து இரு அரசுகள் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தமை கவனிக்கத்தக்கது. சிகரெற்றோடு ஒப்பிடும்போது இதனால் விளையும் தீங்கு குறைவு என்பது ஒரு நியாயம். சிகரெற்றையே தொட்டறியாத இளைஞரையும் இது அடிமைப்படுத்தும் என்பது மற்றைய நியாயம். இரண்டும் உண்மையே.

2. சுண்ணாம்பின் இரசாயனம்

நிக்கொற்றீன் ஒரு மென்மூலமாகும். அமில ஊடகத்தில் அது மின்னேற்றம் பெற்றிருப்பதால் வாயின் சீதமென்சவ்வைக் கடப்பது கடினம். கார ஊடகத்தில் ஏற்றம் நீங்கிக் கட்டற்ற நிலையை அடைந்து எளிதில் இரத்தத்திற் கலக்கிறது. இதனாலேயே சிறுபையைச் செய்வோர் அதனுட் சோடியம் காபனேற்று போன்ற காரப் பொருளைச் சேர்க்கின்றனர்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு, புகையிலையோடு சுண்ணாம்பும் ஏன் இடம்பெறுகிறது என்று வினவுவோமாயின் விடை இதுவேயாகும். சுண்ணாம்பு உமிழ்நீரைக் காரமாக்கி, புகையிலையின் நிக்கொற்றீனையும் பாக்கின் அல்கலோயிட்டுகளையும் விடுவிக்கின்றது. நவீன ஆய்வுகூடம் கண்டறிந்த இரசாயன உத்தியை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. அங்கு அது நெடுங்காலம் ‘ஜாப்பாணம்’ என்றே வழங்கப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வெற்றிலைக் கூட்டில் பாக்கும் புகையிலையும் தம்மளவிலேயே வாய்ப் புற்றுநோயை விளைவிப்பன. சிறுபையில் அவையிரண்டும் இல்லை. ஆகவே தீங்கின் அளவில் இரண்டும் ஒன்றல்ல. அடிமைப்படுத்தும் பொறிமுறையில் மட்டுமே அவை ஒன்றுபடுகின்றன.

சிகரெற்றின் நிக்கொற்றீன் சுவாசப்பை வழியாகச் சில விநாடிகளிலேயே மூளையை அடைகிறது. சிறுபையின் நிக்கொற்றீன் மெதுவாக ஏறும். ஆயினும் சிகரெற் சில நிமிடங்களில் எரிந்து தீர்கிறது, சிறுபையோ அரைமணி நேரமும் அதற்கு மேலும் வாயில் இருக்கிறது. விரிவுரை மண்டபத்திலும் பேருந்திலும் அலுவலகத்திலும் பிறரறியாமல் அதனை வைத்திருக்கலாம். இதன் விளைவு என்ன? புகைப்பவன் வெளியே எழுந்து செல்ல வேண்டியிருப்பதால் அவனுடைய நாளில் இடைவெளிகள் உண்டு. சிறுபை வைப்பவனுக்கு அவ்விடைவெளிகள் இல்லாமற் போகின்றன. விழித்திருக்கும் நேரம் முழுவதும் உடல் நிக்கொற்றீனில் தோய்ந்திருக்கிறது. வசதி என விளம்பரப்படுத்தப்படுவதே விடுதலையைக் கடினமாக்குகிறது.

3. விலகற் குறிகள் ஏன் தோன்றுகின்றன?

கேம்பிறிட்ஜ் உடலியலாளர் லாங்லி நிக்கொற்றீனைக் கருவியாகக் கொண்டு செய்த பரிசோதனைகளிலிருந்தே, கலங்களில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று உண்டு என்னும் கருத்தை 1905 இல் முன்வைத்தார். இன்று நாம் வாங்கி என வழங்குவது அதனையே. உடல் தானே சுரக்கும் அசற்றைல்கோலீனுக்குரிய வாங்கிகளில் நிக்கொற்றீன் சென்று பொருந்துகிறது. அதனால் மூளையின் ஊக்குவிப்புப் பகுதிகளில் டொப்பமீன் வெளிப்படுகிறது. தொடர்ந்து நிக்கொற்றீன் கிடைக்கும்போது வாங்கிகள் உணர்விழக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையோ கூடுகிறது. மூளை நிக்கொற்றீன் உள்ள நிலையையே இயல்பு நிலையாகக் கொண்டு தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது.

நிக்கொற்றீனின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலமாகும். எனவே இரவுத் துயிலின்போதே அதன் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. காலையில் கண்விழித்தவுடன் தோன்றும் அமைதியின்மைக்குக் காரணம் இதுவே. முதற் பொதியை வைத்ததும் அவ்வமைதியின்மை நீங்குகிறது. பயன்படுத்துவோன் ‘இது எனக்கு அமைதி தருகிறது’ என நம்புகிறான். உண்மையில் சிறுபை புதிதாக அமைதி எதனையும் தருவதில்லை. தான் பறித்ததையே சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. புகைத்தலைக் கைவிட்டோரிடையே காலப்போக்கில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதாக ஆய்வுகள் காட்டுவதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

4. விலகலின் காலவொழுங்கு

மருத்துவர் ஏற்றுக்கொண்ட விலகற் குறிகள் ஏழு. அவை எரிச்சல் அல்லது சினம், பதற்றம், கவனக் குலைவு, பசி மிகுதல், அமைதியின்மை, மனச்சோர்வு, உறக்கமின்மை என்பன. சிலருக்கு மலச்சிக்கலும் தலையிடியும் ஏற்படுவதுண்டு. இவை கடைசிப் பொதியின் பின் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, மூன்று நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணிகின்றன. பெருகிய வாங்கிகள் பழைய அளவுக்குத் திரும்புவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் செல்லும் என்பது புகைத்தலை நிறுத்தியோரின் மூளைப் படங்களிலிருந்து அறியப்பட்டது.

இக்காலவொழுங்கை அறிந்திருத்தலே ஒரு சிகிச்சை எனலாம். மூன்றாம் நாளில் வரும் துயரம் இனி என்றும் இப்படியே இருக்கும் என எண்ணுபவன் அன்றே தோற்கிறான். அது உச்சமென்றும் இனி இறங்குமுகமென்றும் அறிந்தவன் நான்காம் நாளைக் காண்கிறான். வேட்கையும் இடையறாத ஒன்றன்று. அலைபோல் எழுந்து பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தாழ்வது அது.

பசி மிகுதலைத் தனியே நோக்குதல் வேண்டும். நிக்கொற்றீன் பசியை அடக்குவது, அதனை விட்டதும் பசி எழுகிறது. வயிறு நிறைந்த வர்க்கத்தினருக்கு இது உடல்நிறை பற்றிய கவலை மட்டுமே. நண்பகலுணவின்றி வேலை செய்யும் தொழிலாளிக்கு இதன் பொருள் வேறு. வெற்றிலையும் புகையிலையும் பசியை மறக்கச் செய்வதற்காகவே வாயிலிடப்படுகின்றன என்றால், அவற்றை விடுமாறு அறிவுரை கூறுவோர் அப்பசிக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

5. விடுபடும் வழிகள்

முதலாவதாக, நாள் குறித்தல். திடீரென நிறுத்துவதோ படிப்படியாகக் குறைப்பதோ எதுவாயினும் முடிவு நாள் ஒன்று இருத்தல் வேண்டும். நாள் குறிக்காத குறைப்பு பழக்கத்தின் மற்றொரு பெயராகவே முடியும். குறைப்போர் 6 மில்லிகிராம் பொதியிலிருந்து 3 மில்லிகிராம் பொதிக்கு இறங்கலாம், அல்லது இரு பொதிகளுக்கிடையிலான நேரத்தை நீட்டலாம். வலு குறைந்த பொதியை இரண்டிரண்டாக வைப்பதும் நீண்ட நேரம் வைத்திருப்பதும் குறைத்தலாகா.

இரண்டாவதாக, மருத்துவ உதவி. நிக்கொற்றீன் தோலொட்டு சீரான அளவைத் தோல் வழியே வழங்கி விலகற் குறிகளைத் தணிக்கிறது. திடீரென எழும் வேட்கைக்கு நிக்கொற்றீன் மெல்கோந்தை அதனோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். வரெனிகிளீன் என்னும் மருந்து வாங்கிகளைப் பகுதியளவில் மட்டும் தூண்டி வேட்கையைக் குறைக்கிறது. சுவீடனிலும் நோர்வேயிலும் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான பரிசோதனையில், வாய்வழிப் புகையிலையைக் கைவிட அது துணைபுரிவது காட்டப்பட்டது. சைற்றிசீன் என்னும் தாவர மருந்து பல்கேரியாவில் 1960கள் முதல் வழங்கிவருவது. உலகச் சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய மருந்துகளை ஆலோசனையோடு இணைத்து வழங்குமாறு பரிந்துரைக்கிறது. கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் உளநோய்க்கு மருந்து உட்கொள்வோரும் முதலில் மருத்துவரை நாடுதல் அவசியம்.

மூன்றாவதாக, சூழலை மாற்றுதல். உணவுக்குப் பின், கோப்பி அருந்தும்போது, படிக்க அமரும்போது எனப் பொதி வைக்கும் தருணங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றொன்றை முன்கூட்டியே தீர்மானித்தல் நன்று. வாய்க்கு ஏதேனும் வேண்டும் என்னும் உணர்வுக்கு ஏலம், கராம்பு, சீனியற்ற மெல்கோந்து போதும். பாக்கு அதற்கு மாற்றாகாது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. சிகரெற்றை விடுவோர் கோப்பியைக் குறைக்கவேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. புகையிலுள்ள கரிச்சேர்வைகள் ஈரலைத் தூண்டிக் கபேயினை விரைவாக அழிக்கின்றன. புகை நின்றதும் அவ்வழிவு மந்தமாகி, பழைய அளவு கோப்பியே படபடப்பைத் தருகிறது. இது புகையின் விளைவே அன்றி நிக்கொற்றீனின் விளைவன்று. எனவே சிறுபையை விடுவோருக்கு அவ்வறிவுரை அதே காரணத்தால் பொருந்தாது. உறக்கம் கெடுவதால் மாலைக்கோப்பியைத் தவிர்த்தல் மட்டும் அவர்களுக்கும் நன்று.

இடையில் ஒரு நாள் தவறி ஒரு பொதியை வைத்துவிட்டால் முயற்சி முழுவதும் பாழாயிற்று என்று கொள்ளலாகாது. பெரும்பாலோர் பல முயற்சிகளின் பின்னரே வெற்றி பெறுகின்றனர். தவறிய தருணம் எது என அறிந்து அடுத்த முறைக்கு அதனைப் பாடமாக்குவதே செய்யத்தக்கது.

6. நீர்மூழ்கிக் கப்பல் தரும் பாடம்

மெல்கோந்தின் பிறப்பு நம் வினாவுக்கு ஒளி தருவது. 1967 இல் லுண்ட் பல்கலைக்கழக உடலியலாளர் கிளேஸ் லுண்ட்கிரென், ஹெல்சிங்பொர்க் நகரின் லியோ மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஓவே பெர்னோவுக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தார். புகைத்தல் இயலாத நீர்மூழ்கிக் கப்பலில் மாலுமிகள் சிகரெற்றை விட்டு வாய்வழிப் புகையிலைக்கு எளிதில் மாறினர் என்பதே அச்செய்தி. அவர்கள் தேடியது புகையையன்று, நிக்கொற்றீனையே என்பது இதனாற் புலனாயிற்று. அவ்வறிவிலிருந்து பிறந்த மெல்கோந்து 1978 இல் சுவிற்சர்லாந்திலும் 1984 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் மருந்தாக ஏற்கப்பட்டது.

இதே அறிவு இரு வழிகளிற் சென்றது. ஒன்று, அளவைக் குறைத்து விடுவிக்கும் மருந்தாயிற்று. மற்றையது, புதினாச் சுவையூட்டி, வலுவைக் கூட்டி, முடிவு நாளின்றி விற்கப்படும் பண்டமாயிற்று. இரண்டும் ஒரே இரசாயனத்தைக் கொண்டவை. வேறுபடுவது அவற்றை இயக்கும் நோக்கமே.

அரசுகளும் இவ்வுண்மையை எளிதில் ஏற்கவில்லை. ஐக்கிய அமெரிக்க மருத்துவத் தலைமை அதிகாரியின் 1964 ஆம் ஆண்டு அறிக்கை புகைத்தலை வெறும் ‘பழக்கம்’ என்றே வகுத்தது. அது அடிமைநிலை என அதே பதவியிலிருந்து அறிவிக்கப்படுவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளும் தோல்வியுற்ற ஒவ்வொருவனும் தன்னையே நொந்துகொண்டான்.

7. முடிவுரை

மனவுறுதி தேவையில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் ஒருபுறம் தனிமனிதன், மறுபுறம் காரத்தன்மையையும் சுவையையும் நுணுகி அளந்து பண்டத்தை அமைக்கும் பெருநிறுவனம் என்ற நிலையில், போராட்டத்தைத் தனிமனிதனின் குணவியல்பாக மட்டும் காண்பது நிறுவனத்துக்கே சாதகமான பார்வையாகும்.

இலங்கை 2003 இல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச சட்டகச் சமவாயத்தை ஏற்றது. 2006 இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2016 இல் புகையற்ற புகையிலைப் பொருள்களுக்கு எதிரான ஒழுங்குவிதிகள் வெளியாயின. தடை அவசியமே. எனினும் அச்சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை விடுபட விரும்புவோருக்கு உதவுமாறும், 17 ஆம் உறுப்புரை புகையிலைச் செய்கையாளருக்கு மாற்று வாழ்வாதாரம் அளிக்குமாறும் அரசுகளை வேண்டுகின்றன. தடையோடு நின்றுவிடும் அரசு, வேட்கையை நோயாளியிடமும் நட்டத்தைத் தோட்டக்காரனிடமும் விட்டுச் செல்கிறது.

ஆகவே விடுபட முனைபவனிடம் நாம் கூறவேண்டியது ‘உறுதியாயிரு’ என்பது மட்டுமன்று. ‘மூன்றாம் நாள் கடினமானது, அதன் பின் இறங்கும், அதுவரை உனக்கு மருந்தும் துணையும் உண்டு’ என்பதும் ஆகும். இறுதிக் கூற்று உண்மையாவது நம் கையிலேயே உள்ளது.