போர்க்களக் கூற்றுகளும் சான்று மதிப்பீடும்: 1940 செப்டம்பர் 15

1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தின் வான்பரப்பில் 185 ஜெர்மானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாகப் பிரிட்டன் அறிவித்தது. போருக்குப்பின் கிடைத்த ஜெர்மானிய ஆவணங்களோ ஏறத்தாழ 60 எனக் காட்டுகின்றன. இம்முரணைத் திட்டமிட்ட பொய்யெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே விமானத்தைச் சுட்ட பலரும் தனித்தனியே உரிமை கோரினர். புகையுடன் தாழ்ந்து தப்பியவையும் வீழ்ந்தவையாகவே எண்ணப்பட்டன. ஜெர்மானிய இழப்புப் பதிவேடு, மாற்று விமானங்களைப் பெறும் பொருட்டு எழுதப்பட்ட அகப்பதிவு. அதில் குறைத்துக் காட்டுவது எழுதிய படைக்கே இழப்பாகும். எனவே, பகைவர் இழப்பு பற்றிய அறிவிப்பினும் தன்னிழப்பு பற்றிய அகப்பதிவே வலிய சான்றாகும். எனினும், எண் பிழைபட்டதால் வெற்றி பொய்யாகிவிடாது: செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையறையின்றித் தள்ளிவைத்தார். எண்ணிக்கையும் விளைவும் தனித்தனிச் சான்றுகளால் நிறுவப்பட வேண்டியவை.