மழை வந்தாலே பிள்ளை ஏன் ஒட்டிக்கொள்கிறது?

வானம் இருட்டினாலே உங்கள் பிள்ளை, "அம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுமா?" என்று நச்சரிக்கிறதா? சென்னை தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் குடியிருந்தால் இதை அடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைமீறித் தெருக்களுக்குள் புகுந்தது. ஆட்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது.

'2015-இல் பிறக்காத பிள்ளைக்கு என்ன பயம்?' என்பீர்கள். நாம்தான் காரணம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே தண்ணீரில் மூழ்காமல் இருக்க, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். அதைப் பார்க்கிற பிள்ளை வேறென்ன நினைக்கும்?

பயம் என்று எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைகள் எல்லோரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயிற்றுவலி என்பார்கள், தனியாகப் படுக்க மாட்டார்கள். சிலருக்குப் பின்னடைவு (விட்டுப்போன குழந்தைப் பழக்கம் திரும்புவது) வரும். படுக்கையில் சிறுநீர் போவார்கள். திட்டினால் கூடத்தான் செய்யும்.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்றால் போதாதா? போதாது. "போன தடவை வந்துச்சே?" என்று திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. அதனால் முதலில் நீங்கள் கேளுங்கள்: "எதை நெனச்சா ரொம்பப் பயமா இருக்கு?" பதில் தண்ணீராகவே இருக்கும் என்றில்லை. ஆபீஸ் போன அப்பா வந்து சேருவாரா என்பதாக இருக்கலாம். கீழே கட்டியிருக்கும் நாய்க்குட்டியாக இருக்கலாம். பேச வராவிட்டால் தாளும் கிரேயானும் கொடுங்கள். திரும்பத் திரும்ப வெள்ளத்தையே வரைந்தாலும், படகு விளையாட்டே ஆடினாலும் தடுக்காதீர்கள். அதுவும் ஒருவிதப் பேச்சுதான்.

பிறகு உண்மையைச் சொல்லுங்கள்: "தண்ணி வந்தாலும் வரலாம். வந்தா மாடி வீட்டு ஆன்ட்டிகிட்ட போயிடுவோம். நாய்க்குட்டியையும் தூக்கிட்டுப் போவோம்." டார்ச்சு, பிஸ்கட், ஒரு செட் துணி வைத்த சின்னப் பையைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். கையில் வேலை இருந்தால் பயம் பாதி குறையும். டி.வி.யில் வெள்ளக் காட்சி ஓடிக்கொண்டே இருந்தால் அணைத்துவிடுங்கள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டால்? கொஞ்சம் இருக்கிறது என்றே சொல்லலாம்.

மழை ஓய்ந்து ஒரு மாதமாகியும் தூக்கம், சாப்பாடு, பள்ளி எதுவும் சரியாகவில்லையா? 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட வேண்டுமென்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.