சட்டைக் கறையும் சைனீஸ் பொரியலும்

சமையல் குறிப்பு எழுதுவதற்கு எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். பத்தாவது வரை படித்த நான் எழுத வந்ததற்குக் காரணம் என் மகனின் பள்ளிக்கூடச் சட்டை.

எங்கள் ஆர்.கே.பேட்டையில் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடுகிறது. திருத்தணி பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். என் வீட்டுக்காரரும் தறிக்குத்தான் போகிறார். சனிக்கிழமை கூலி வாங்கினால், வரும்போது தள்ளுவண்டியில் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் காலிபிளவர் வறுவலோ, மஞ்சூரியனோ வாங்கி வருவார். வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற மனுஷர், பிள்ளைகள் ஓடி வந்து பொட்டலத்தைப் பிடுங்குவதைப் பார்க்க அவருக்கு அத்தனை ஆசை. அதை நான் எப்படித் தடுப்பது?

ஒரு சனிக்கிழமை பையன் யூனிபார்ம் சட்டையோடு அதைத் தின்றுவிட்டுக் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டான். மறுநாள் சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வெயிலில் காயப்போட்டேன். எண்ணெய்ப் பிசுக்குப் போனது, சிவப்புப் போகவில்லை. ரோஸ் கலரில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. என் மாமியார் அந்தக் காலத்திலிருந்து தார் சுற்றி, நூலுக்குச் சாயம் தோய்த்துப் பழகியவர். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது? மிளகாய்த் தூள் கறைன்னா வெயில்ல போட்டா வெளுத்துடும். இது நூலுக்குப் போடற மாதிரி இல்ல இருக்குது" என்றார்.

அந்த வண்டிக்காரர் என்ன போட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். கடையில் பாக்கெட்டில் விற்கிற கலர் பவுடரை வாங்கிப் போட்டிருப்பார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயத் தொட்டியில் கை வைத்தால் நகக்கண்ணில் ஏறுகிற கலர் எத்தனை நாள் போகாது என்று இந்த ஊர்ப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வயிற்றுக்குள் போனால்?

செய்தியில் படித்ததும் ஞாபகத்துக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருக்கிறதென்று முதலில் புதுச்சேரியிலும், பிறகு நம் தமிழ்நாட்டிலும் அதைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கைக் கலர் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அங்கே 171 இடங்களின் கோபி மஞ்சூரியனை எடுத்துச் சோதித்ததில் 107-ல் ஆகாத கலர் இருந்ததாம். ரோடமின்-பி என்பது துணிக்கும் தோலுக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். சாப்பாட்டில் சேர்க்க அனுமதியே கிடையாது.

சரி, வாங்கித் தர வேண்டாம் என்றால் பிள்ளைகள் கேட்குமா? "நீயே செஞ்சு குடும்மா" என்றான் பையன். அங்கேதான் என் வேதனை ஆரம்பித்தது.

முதல் தடவை எல்லாக் காய்களையும் ஒன்றாக வாணலியில் கொட்டி, உப்புப் போட்டு, தட்டுப் போட்டு மூடினேன். நமக்குத் தெரிந்த வழி அதுதானே? திறந்தால் தண்ணீர் நீச்சல் அடிக்கிறது. அதில் சோயா சாஸை ஊற்றியதும் கறுப்பாக ஒரு கூட்டு! இரண்டாம் தடவை கெட்டியாகட்டும் என்று சோளமாவை நேராக மேலே தூவினேன். அரிசி மாவு உருண்டை மாதிரி கட்டி கட்டியாகத் திரண்டது. மூன்றாம் தடவை பதம் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார். அந்த "ஒன்றும் சொல்லாமல்" இருக்கிறதே, அது திட்டுவதைவிட மோசம்.

ஆடிக் கிருத்திகைக்கு என் சித்தப்பா மகன் வந்திருந்தான். ஓட்டலில் அடுப்படி வேலை பார்ப்பவன். திருத்தணி மலைக்கு 365 படி ஏறி இறங்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என் கதையைக் கேட்டுச் சிரித்தான். "அக்கா, நீங்க காயை வேக வைக்கறீங்க. இது வேக வைக்கற சமையல் இல்ல, சூடு காட்டற சமையல்" என்றான். மறுநாள் பக்கத்தில் நின்று செய்யவும் வைத்தான். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

முட்டைகோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். தீ குறைவாக இருந்தாலும், உப்பை முன்னாலே போட்டாலும், மூடி வைத்தாலும் அந்தத் தண்ணீர் வெளியே வந்துவிடும். வாணலி நன்றாகக் காய்ந்திருந்தால் வருகிற ஈரம் அப்போதைக்கப்போதே ஆவியாகிப் போகும், காய் நறுக்கென்று நிற்கும். ஓட்டல் அடுப்பின் தீ வேறு, நம் வீட்டு கேஸ் அடுப்பின் தீ வேறு. அதனால் வீட்டில் ஒரே சமயத்தில் அள்ளிப் போடக்கூடாது. நாலு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு தடவையாக வதக்கி எடுப்பதுதான் சரி. எனக்கு இது ஒன்று தெரிந்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரும்பு வாணலி இருந்தால் அதை எடுங்கள். நான்-ஸ்டிக் சட்டியை இத்தனை சூட்டில் காயவைக்கக் கூடாது.

நாலு பேருக்கு நான் எடுப்பது: முட்டைகோஸ் கால் பாகம், கேரட் இரண்டு, பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு, குடமிளகாய் ஒன்று, சின்னக் காலிபிளவரில் பாதி, வெங்காயம் ஒன்று, வெங்காயத்தாள் ஒரு பிடி. பூண்டு ஆறு பல், விரல் கணு அளவு இஞ்சி, பச்சைமிளகாய் இரண்டு. காலிபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்துவிடுங்கள், புழு பூச்சி இருந்தால் வந்துவிடும். முக்கியமான விஷயம், கழுவின காயைத் துணியில் பரப்பி ஈரம் போக ஆறவிடுவது. தறியில் மீந்த பருத்தித் துண்டு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கேரட்டையும் பீன்ஸையும் சாய்வாக, மெல்லியதாக நறுக்கினால் சூடு படுகிற இடம் அதிகம், சீக்கிரம் வதங்கும்.

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பற்ற வைத்த பிறகு சாஸ் பாட்டில் மூடி திறக்கவில்லை என்று போராடினால் பூண்டு கருகிவிடும் (அனுபவம்!). ஒரு கிண்ணத்தில் சோயா சாஸ் ஒரு மேஜைக் கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேஜைக் கரண்டி, வினிகர் ஒரு டீஸ்பூன், அரை ஸ்பூன் சர்க்கரை கலந்து வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் முக்கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சோளமாவு. வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டும். வாங்கும்போது 'கார்ன்ஃப்ளார்' என்று வெள்ளை வெளேரென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சளாக இருக்கிற மக்காச்சோள ரொட்டி மாவு வேறு.

இப்போது கலருக்கு வருகிறேன், இதற்காகத்தானே இத்தனையும். காஷ்மீர் மிளகாய் நாலைந்தை விதை எடுத்து வெந்நீரில் அரைமணி ஊறவைத்து விழுதாக அரைத்தால் நல்ல சிவப்பு வரும், காரம் அதிகம் இருக்காது. எங்கள் பக்கம் ஆந்திர எல்லை என்பதால் குண்டூர் மிளகாய்தான் மலிவு. அதில் ஒருதரம் செய்து பார்த்தேன், பையன் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான். காஷ்மீர் மிளகாயே நல்லது. கடைச் சிவப்பு வராது, செங்கல் நிறம் வரும். அதுதான் மிளகாயின் நிஜக் கலர்.

வாணலி காய்ந்து லேசாகப் புகை தெரியும்போது இரண்டு மேஜைக் கரண்டி எண்ணெய். செக்குக் கடலை எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும், ரீபைன்ட் கடலை எண்ணெய் இதற்கு வசதி. பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி, மிளகாயைப் போட்டு வாசம் வந்ததும், எண்ணி இருபது எண்ணுவதற்குள், கேரட், பீன்ஸ், காலிபிளவர். இரண்டு நிமிஷம் கைவிடாமல் புரட்டியபின் வெங்காயம், கோஸ். கடைசியில் குடமிளகாய். தீ முழுசாக எரியட்டும். இரண்டு தடவையாக வதக்கியதை ஒன்று சேர்த்து, மிளகாய் விழுது ஒரு ஸ்பூன், அது பச்சை வாசனை போனதும் சாஸ் கலவை. பிறகு சோளமாவுத் தண்ணீரை இன்னொருமுறை கலக்கி (மாவு அடியில் தங்கியிருக்கும்) ஊற்றிக் கிளறுங்கள். கொதி வந்து, வெள்ளையாக இருந்தது கண்ணாடி மாதிரி பளபளத்துக் காயில் ஒட்டிக்கொண்டதும் இறக்கிவிட வேண்டியதுதான். மிளகுத்தூள், வெங்காயத்தாள் தூவுங்கள். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் இறுகினது மறுபடி நெகிழ்ந்துபோகும்.

உப்பு? போடாதீர்கள். மூன்றாம் தடவை நான் ஏமாந்தது இங்கேதான். சோயா சாஸ் என்பது சோயா மொச்சை, கோதுமை இரண்டையும் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் புளிக்க வைத்து வடிக்கிற திரவம். நம் ஊறுகாய்க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு மேஜைக் கரண்டி சாஸில் ஏறக்குறைய இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒருநாள் முழுக்க 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் சாஸ் ஊற்றுவதற்கு முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் காயைத் தனியே எடுத்து, மிளகும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

"சீனாக்காரன் சாப்பாடு நமக்கெதுக்கு?" என்று முதலில் அவர் கேட்டார். விசாரித்தால், சீனாக்காரர்களே இதைக் கண்டால் முழிப்பார்களாம்! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் வந்து கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் போட்ட டாங் அச்சூ என்ற சீனர் பெயரில் அச்சிப்பூர் என்று ஒரு ஊரே இருக்கிறது. பின்னால் வந்த ஹக்கா சீனர்கள் டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் அவர்கள் சாப்பாட்டுக்கடை வைத்தபோது, நம் ஆட்களின் நாக்குக்காக இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மஞ்சூரியனும் இங்கே பிறந்ததுதான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975-ல் பம்பாயில் கோழியைச் சோயா சாஸிலும் சோளமாவிலும் புரட்டிக் கொடுத்து அந்தப் பெயர் வைத்தார் என்று சொல்கிறார்கள். கோழிக்குப் பதில் காலிபிளவர் வந்தது பிறகு. மாமியாரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்மூர்ப் பொரியலுக்குத்தான் சீனா சட்டை போட்டு உட்டுருக்காங்க" என்றார்.

செலவும் சொல்லிவிடுகிறேன். சாஸ் பாட்டில்களை முதலில் வாங்கும்போது கை கடிக்கும். ஆனால் ஒரு சின்னப் பாட்டில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. காய் வீட்டில் இருப்பதுதான். மீந்தால் மறுநாள் குழம்பு நீர்த்துப்போகும், அதைத் தோசைக்கு நடுவில் வைத்துக் கொடுங்கள், சத்தமில்லாமல் போய்விடும்.

என் வீட்டுக்காரரிடம்தான் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பொட்டலம் வாங்கி வராதீர்கள் என்றால் அவர் முகம் வாடிவிடுமே! ஒரு சனிக்கிழமை அவரே கேட்டார், "இன்னிக்கு வாங்கி வரட்டுமா, இல்ல நீ செய்யறியா?" என்று. "நீங்க காய் வாங்கிட்டு வாங்க" என்றேன். இப்போது கூலி வாங்கிய கையோடு குடமிளகாயும் வெங்காயத்தாளும் பையில் எட்டிப் பார்க்க வருகிறார். பிள்ளைகள் அதே ஓட்டமாக ஓடிப்போய்ப் பையைப் பிடுங்குகிறார்கள். நறுக்குகிற வேலை அவருக்கு. சாய்வாக நறுக்கச் சொன்னால் கேட்பதில்லை, கட்டை கட்டையாகத்தான் நறுக்குகிறார்.

அந்தச் சட்டையை நான் தூக்கிப் போடவில்லை. வாணலி பிடிக்கிற கரித்துணியாக அடுப்படியில் கிடக்கிறது. ரோஸ் கறை இன்னும் இருக்கிறது.

காளான் சேர்த்து இதைச் செய்து பார்த்த தோழிகள் எப்போது சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள். நான் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது.

- ஒரு வாசகி, ஆர்.கே.பேட்டை