நடுமரம் போன பின்னும்

சென்னை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள ஆலமரத்துக்கு இப்போது நடுமரம் கிடையாது. 1989-இல் அடித்த புயலில் அது சாய்ந்துவிட்டது. அன்னி பெசன்ட்டும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் பேசக் கேட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்த நிழல் அது. வயது ஏறத்தாழ 450 என்பது மதிப்பீடு. ஆனாலும் மரம் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. சுற்றிலும் ஊன்றியிருந்த விழுதுகள் நிற்கின்றன, தழைக்கின்றன, பார்க்க ஆட்களும் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், விழுது வெறும் தாங்குகோல் அல்ல. கிளையின் அடியிலிருந்து பழுப்பு நிறக் கற்றையாக அது தொங்கும்போது நுனி மட்டும் வெளுத்து இளசாக இருக்கும், நகத்தால் கிள்ளிவிடலாம். மண்ணைத் தொட்டுப் பிடித்துக்கொண்டதும் தடித்து, பட்டை கட்டி, தூணாகிவிடும். பிறகு அந்தக் கிளைக்கு வேண்டிய நீரைத் தானே உறிஞ்சி மேலே அனுப்பும். இப்படி ஒவ்வொரு கிளையும் தனக்கென்று ஒரு வேரைத் தேடிக்கொண்டுவிட்டால், நடுமரம் போனாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

கொல்கத்தாவை ஒட்டிய ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் இதற்கு நல்ல சாட்சி. 1864, 1867 புயல்களில் கிளைகள் ஒடிந்தன. காயம்பட்ட இடங்களில் பூஞ்சை புகுந்தது. 1925-இல் நடுமரத்தை அறுத்தே எடுத்துவிட்டார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளோடு அந்த மரம் ஒரு தோப்பாக நிற்கிறது. எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே உள்ள பில்லலமர்ரி ஆலுக்குக் கரையான் பிடித்தது. 2017 டிசம்பரில் பெருங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதன்பின் மருந்து கலந்த சலைன் பாட்டில்களை மரமெங்கும் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக உள்ளே ஏற்றினார்கள். விழுதுகள் பத்திரமாக மண்ணுக்கு இறங்கக் குழாய்களும் பொருத்தினார்கள். ஆஸ்பத்திரி வார்டு போல இருந்த அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது வீண்வேலையாகத் தோன்றவில்லை.

சாலையோர ஆலுக்கு இந்த யோகம் இல்லை. விழுது இறங்கும் இடத்தில் தார் அல்லது சிமென்ட் கல். லாரியில் உரசுகிறது என்று அதையும் அவ்வப்போது வெட்டிவிடுவார்கள். அகன்ற தலையை ஒற்றை நடுமரம் மட்டுமே தாங்கி நிற்கும். ஒரு பக்க வேரைக் கால்வாய்க்காகத் தோண்டினால் அடுத்த பெருங்காற்றில் கதை முடிந்தது. பிறகு பழியைப் புயல் மீது போடுவோம்.

விழுது இல்லாத மரங்களைக் காக்க வேறு வழிகள் வேண்டும். புத்தகயாவில் அரசமரம் 1876 புயலில் விழுந்தது. 1881-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் அங்கே இளமரம் ஒன்றை நட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அங்கிருந்த மரத்தின் கிளையொன்றை அசோகரின் மகள் சங்கமித்தை இலங்கையின் அனுராதபுரத்துக்குக் கொண்டுபோனதாக மகாவம்சம் சொல்கிறது. விதை என்று சொல்லாமல் கிளை என்று சொல்வது முக்கியம். விதையில் முளைப்பது பிள்ளை. வேறொரு மரத்தின் குணமும் அதில் கலந்திருக்கும். போத்து வெட்டி நட்டாலோ, ஒட்டுக் கட்டினாலோ கிடைப்பது அதே மரம். அந்த மரபு சரியென்றால், புத்தகயாவில் அன்றிருந்த மரம் இலங்கையில் உயிரோடு இருக்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பட்டுப்போன கடம்பின் அடிமரத்தையே வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். கடம்பவனம் என்று பேர் வாங்கிய ஊருக்கு அந்தக் கட்டையாவது மிச்சம். தில்லை என்று பேர்பெற்ற சிதம்பரத்தில் தில்லை மரமே இல்லை. பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் இலையைப் பறிக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும்.

சட்டமும் இப்போது கண் திறந்திருக்கிறது. மகாராஷ்டிரம் 2021-இல் நகர்ப்புறங்களில் 50 வயதைத் தாண்டிய மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று வகுத்தது. அப்படி ஒன்றை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் நூறு கன்று சேர்ந்தாலும் ஒரு நூற்றாண்டுப் புளியமரத்தின் பொந்தும் அதில் குடியிருக்கும் ஆந்தையும் வராது. இன்னொரு சிக்கல், வயதை யார் சொல்வது? வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆலிலோ நடுமரமே பல வேர்கள் பின்னிச் சேர்ந்ததாக இருக்கும்.

நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்கள். காய் மகசூலை ஏலம் விடுவார்கள். நான்குவழிச் சாலைக்காக வெட்டப்பட்டபோது எண்ணும் கட்டையோடு போய்விட்டது. இன்னும் நிற்கும் மரங்களுக்காவது கூடுதலாகக் கொஞ்சம் எழுதி வைக்கலாம். சுற்றளவுக்கு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். ஆலுக்கு மட்டும் நாடா போதாது. உச்சிவெயிலில் நிழலின் விளிம்பைச் சுற்றி நடந்து அளப்பதே எளிது. அதோடு ஊர்க்காரர்கள் அந்த மரத்தை என்ன பேர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.